கண்டமங்கலத்திலிருந்து குன்னூருக்குக் குடிபோதல்

கண்டமங்கலத்திலிருந்து விழுப்புரம் நோக்கிப் புறப்படும் வண்டி, சில நிமிடங்களிலேயே தமிழ்நாட்டை விட்டு வெளியேறிவிடுகிறது. திருபுவனை, திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு எல்லாம் புதுச்சேரி மண். அவற்றைத் தாண்டி வளவனூரை நெருங்கும்போது மறுபடியும் தமிழ்நாடு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கிராமம் கிராமமாகப் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம் இது. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறி, 1962-இல் சட்டப்படி முடிந்த பிறகும் கோடுகள் அப்படியே நிற்கின்றன. இந்தப் பக்கத்து மக்களுக்கு எல்லை தாண்டுவது அன்றாட வேலை. திருபுவனைத் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போவார்கள், ஜிப்மரில் சீட்டு வாங்கிக் காத்திருப்பார்கள், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

ஆனால் சட்டி, பானை, பீரோ, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் குடிபோவது இந்த மண்ணில் அன்றாடம் நடப்பதல்ல. அரசுப் பணியில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் குன்னூருக்கு மாறுதல். கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், அவர்கள் ஆயா என்று அழைக்கும் கணவரின் தாயார் என வீடே உடன் கிளம்பியது. மே மாதக் கடைசி, பள்ளி திறப்பதற்கு முன்பு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கரும்பும் நெல்லும் சவுக்கும் விளையும் இந்தச் சமவெளியில், அந்த மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே வாசலில் வெறுங்காலை வைக்க முடியாது. அரசு ஊழியர்கள் மலைக்கு மாற்றப்பட்டால் சம்பளத்தோடு மலைப்படி உண்டு, குளிர்காலப்படி உண்டு. பணத்துக்கு ஒரு விதி இருக்கிறது. எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று சொல்ல எந்தக் கையேடும் இல்லை.

பாதி முடிவுகள் தவறாகப் போகக்கூடிய இடம் அதுதான். ஏர்கூலரை விற்றுவிட்டார்கள், சரி. மின்விசிறிகளைக் கழற்றி மூட்டை கட்டினார்கள், அது வீண் சுமை. குன்னூரில் பல வீடுகளின் கூரையில் விசிறி மாட்டும் கொக்கியே இருக்காது. கோரைப்பாய்களை வரிசையாகச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். கண்டமங்கலத்தில் தரையில் பாய் விரித்துப் படுப்பது சுகம். மலையில் அதே தரை இரவெல்லாம் முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சும். அங்கே முதலில் வாங்க வேண்டியது கட்டிலும் மெத்தையும்தான். கீழே படுத்தே வாழ்ந்த குடும்பம் ஆளுக்கொரு கட்டில் வாங்குவதென்றால், அது முதல் மாதச் செலவிலேயே பெரிய செலவு.

“அங்க போயி இன்னாத்துக்கு இவ்ளோ உளுந்து? கடையில கிடைக்காதா?” என்று மகன் கேட்டார். “கடையில உளுந்து கிடைக்கும்டா. மாவு பொங்குமா?” என்றார் ஆயா. வந்தவர்களில் யாரும் அதுவரை மலையில் குடியிருந்ததில்லை. ஆனாலும் சரியான கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது.

மொத்தம் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வழி. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம். நாற்கரச் சாலையில் இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளித் தோட்டங்களும் ஜவ்வரிசி ஆலைகளும் வரும், இடதும் வலதும் மலைகள் வரும், வெயில் மட்டும் மாறாது. சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி கடந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். கடல்மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில் புறப்பட்ட வண்டி, நாளெல்லாம் ஓடியும் இங்கே 300 மீட்டரைத்தான் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. உண்மையான ஏற்றம் இனிமேல்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 34 கிலோமீட்டர்தான், உயரமோ ஏறத்தாழ 1,850 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, அந்த 34 கிலோமீட்டருக்குள் பத்து டிகிரி போய்விடுகிறது.

2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சுற்றுலாக் கூட்டத்தைக் கணக்கிட வந்த ஏற்பாடு அது. குடிபோகிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. கல்லாறைத் தாண்டியதும் பாக்கும் பலாவும் நெருங்கிய காடு. கல்லாறிலும் பர்லியாறிலும் மங்குஸ்தானும் துரியனும் விளையும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பிள்ளைகளுக்குக் காது அடைத்தது. சின்னவள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி ஆயா மடியில் சுருண்டுவிட்டாள். பர்லியாறு தாண்டிய பிறகு ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். ஏசி கிடையாத லாரியில், கண்டமங்கலத்திலிருந்து அதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை.

இதே சரிவில் இதற்கு முன்னும் குடும்பங்கள் ஏறியிருக்கின்றன, வேறு வேறு விதமாக.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். பிறகு உதகையில் கல்வீடு எழுந்தது. வெயிலிலிருந்து தப்ப ஒரு வெள்ளை அதிகாரி தன் குடும்பத்தை இடம் மாற்றியதில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் கோப்புகளோடு உதகைக்கு ஏறும் வழக்கமாக அது வளர்ந்தது. அவர்களுக்கு முன்னால் பாதை வெட்டப்பட்டது. மூட்டைகளை மாடுகளும் ஆட்களும் சுமந்தார்கள். போய் இறங்கும் வீட்டில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில் 1899-இல் வந்தது, 1908-இல் உதகையைத் தொட்டது. பன்னிரண்டரை அடி முன்னேறினால் ஓரடி உயரும் செங்குத்தில் இன்றும் அது ஏறுகிறது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் மலை எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. சல்லிவனின் மனைவியும் மகளும் உதகை செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில்தான் இருக்கிறார்கள்.

பாதையை வெட்டியவர்களிலும் மூட்டை சுமந்தவர்களிலும் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்கு வந்தவர்களிலும் பலர் சமவெளித் தமிழர்கள். பருத்தித் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து, லயம் என்னும் தகரக் கூரை வரிசை வீடுகளில் ஒடுங்கியவர்கள். அவர்கள் பட்ட குளிரை எந்த அலுவலகமும் குறித்துவைக்கவில்லை. மலையின் பழைய குடிகளிலும் கீழிருந்து ஏறியவர்கள் உண்டு. படகர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் மைசூர்ச் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கிவரும் வரலாறு. அதற்கும் முன்பே மலையில் இருந்த தோடர்களின் பழைய குடிசையைப் பார்த்தால், குளிரை அறிந்தவர்கள் எப்படி வீடு கட்டுவார்கள் என்று தெரியும். வளைந்து தரைவரை இறங்கும் கூரை, ஊர்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய வாசல். உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை.

இந்த வரலாற்றிலேயே அதிகம் கலங்கவைப்பது ஒரு தலைகீழ்ப் பயணம். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. நுவரெலியா, அட்டன் பக்கத்துக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமிலிருந்து பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கொழுந்து பறித்த கைகளில் வியாபாரக் கடனைக் கொடுத்துச் சமவெளியில் கடை வைக்கச் சொன்னது அரசு. வெயிலும் பழக்கமில்லை, வியாபாரமும் பழக்கமில்லை. பலர் கடனையும் இழந்து, தெரிந்த வேலையையும் தெரிந்த குளிரையும் தேடித் தாங்களாகவே நீலகிரிக்கு ஏறினார்கள். இவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976 முதல் அது டான்டீ என்ற நிறுவனமாக நடக்கிறது, தலைமையகம் குன்னூரில்தான். 2022-இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட டான்டீ நிலத்தை வனத்துறைக்குத் திருப்புவதென்று முடிவானபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் பலர் லயத்து வீடும் போய்விடுமோ என்று தவித்தார்கள். ஒரு குடும்பம் இடம் மாறும்போது தட்பவெப்பத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாத திட்டம் என்ன செய்யும் என்பதற்கு அந்தச் சமவெளிக் குடியேற்றத்தைவிடத் தெளிவான சான்று தமிழர் வரலாற்றில் இருக்கிறதா?

குன்னூரில் வண்டி நின்றபோது மாலை மங்கிவிட்டது. பார்க்காமலே அட்வான்ஸ் கொடுத்த வீடு. வாடகை கட்டுப்படியாகும், பஸ் நிலையம் பக்கம். ஆனால் வீடு இருந்தது பள்ளத்தில், ஜன்னல்கள் வடக்கே பார்த்தவை.

சமவெளியில் வடக்கு பார்த்த வீடென்றால் விலை கூடும். மலையில் கணக்கு வேறு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. தெற்கு பார்த்த சரிவுக்கும் தெற்கு ஜன்னலுக்கும்தான் வெயில் கிடைக்கும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். உதகையில் உறைபனி முதலில் வெளுப்பது தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும்தான், எல்லாம் தாழ்வான இடங்கள். குன்னூர் உதகையைவிட 400 மீட்டர் தாழ்வு. உறைபனி அவ்வளவாக இல்லை, ஆனால் ஈரம் உண்டு. வெயில் படாத சுவரில் பச்சை பூக்கும், பீரோவில் பட்டுப்புடவை பூசணம் பிடிக்கும், உப்பு ஜாடியில் நீர் கோக்கும், துவைத்த சீருடை இரண்டு நாளானாலும் காயாது. மேலே குடிபோகிறவர்கள் வாடகை பேசுவதற்கு முன், காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வெயில் விழுகிறது என்று நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்பது அடுத்த கேள்வி. இவ்வளவு மழை பெய்யும் ஊரில் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும் என்பது வந்தவர்கள் யாரும் எதிர்பார்க்காதது.

ஆயாவின் கேள்விக்கு இரண்டாம் நாள் காலையில் பதில் கிடைத்தது. மாவு கரைத்து வைத்தபடியே கிடந்தது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கு முப்பது டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். கண்டமங்கலத்தில் அந்தச் சூடு சும்மா கிடைத்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து வழி சொன்னார்: வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்படி மூலையில் வைக்க வேண்டும், ஒரு ராத்திரி போதாது, மறுநாள் மதியம்வரை விட வேண்டும். பருப்பு ஏன் வேகவில்லை என்பதற்கும் அவரே விடை வைத்திருந்தார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்க நினைப்பவர் அரை சிலிண்டரை வீணாக்குவார். குக்கரிலும் இரண்டு விசில் கூடுதலாக விட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஜாடியில் கட்டியாக நிற்கும், தலைக்குத் தேய்க்கும் முன் வெந்நீரில் வைத்து எடுக்க வேண்டும்.

இந்த அறிவெல்லாம் அண்டை வீடுகளில் இருக்கிறது. குளிரைத் தாங்குவது உடம்பின் வலிமையால் என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் தாங்க வைப்பது வீட்டின் திசை, கட்டில், சூடான மாவுப் பாத்திரம், கேட்டால் சொல்லித்தரும் பக்கத்து வீடு. 2021 டிசம்பர் 8-இல் முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தபோது, தேயிலைத் தோட்டத்து மக்கள் குடங்களில் தண்ணீரோடு ஓடினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க அவர்கள் கொண்டுவந்தவை வீட்டுக் கம்பளிகள். குளிரூரில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பெரிய சொத்து கம்பளிதான்.

தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்தான செய்தி ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து, கரி மூட்டிய அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்தித் தூங்கிச் செத்தவர்கள் நீலகிரியிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். மலையில் பிறந்தவர்கள் கனலை வாசலுக்கு வெளியே வைத்துக் குளிர்காய்வார்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லியாக வேண்டும். மாறுதல் ஆணையோடு ஒரு தாளில் அச்சடித்துத் தந்தால்கூடப் போதும்.

வயதானவர்களுக்குக் குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், மூட்டுவலி கூடும். பிள்ளைகளுக்குத் தாகமே எடுக்காது, பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். ஆயா இதற்கும் வழி கண்டுபிடித்தார், சுக்கும் மல்லியும் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். பிள்ளைகளுக்கு ஊர் சீக்கிரமே பிடித்துப்போனது. பாடநூல் அதே மாநிலப் பாடநூல்தான், வகுப்பில் பேச்சு மட்டும் படக மொழியும் மலையாளமும் கலந்து கேட்டது. பள்ளி செல்லும் வழியில் காட்டுமாடு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று உடன்படிக்கும் பிள்ளைகளே சொல்லிக்கொடுத்தார்கள்: கத்தக்கூடாது, ஓடக்கூடாது, வழிவிட்டு நிற்க வேண்டும்.

பருவமழையில்தான் இரண்டு ஊர்களும் ஒன்றாகின்றன. நீலகிரியின் மேற்குப் பக்கமான கூடலூரும் பந்தலூரும் தென்மேற்குப் பருவத்தில் நனையும். கிழக்குச் சரிவிலுள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதாவது, ஐப்பசியில் கண்டமங்கலத்து வயலில் தண்ணீர் நிற்கும் அதே வாரத்தில் குன்னூரின் மண் இளகத் தொடங்கும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலையும் ரயில்பாதையும் அறுந்தன. ஊரில் இருக்கும்போது மழையென்றால் ஏரி நிறையுமா என்று கேட்டவர்கள், இங்கே வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வடக்கு பார்த்த அந்தப் பள்ளத்து வீட்டை இவர்கள் மழைக்கு முன்பே விட்டார்கள். மேட்டில், தெற்கு பார்த்த சிறிய வீடு ஒன்று கிடைத்தது. அறை ஒன்று குறைவு, வாடகை கொஞ்சம் அதிகம். காலை வெயில் சமையலறைவரை வந்தது.

நீர்ப்பனி இறங்கத் தொடங்கிய கார்த்திகைக் கடைசியில், ஆயாவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அவரே முடித்துவைத்தார். மார்கழியும் தையும் கண்டமங்கலத்தில்தான் இதமான மாதங்கள், நெல் அறுவடையும் அப்போதுதான். அந்த இரண்டு மூன்று மாதம் அவர் கீழே, சின்ன மகன் வீட்டில். மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மறுபடியும் மேலே. “எனக்குக் கட்டில் மட்டும் எடுத்து வைங்க, வந்துடுவேன்” என்று மருமகளிடம் சொன்னார். மேட்டுப்பாளையத்தில் இறங்கிச் சேலம் பஸ், சேலத்தில் விழுப்புரம் பஸ், விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் என மகன் எழுதிக்கொடுத்த தாளைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். விழுப்புரத்திலிருந்து ஏறினால் மதகடிப்பட்டும் திருபுவனையும் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் எழுதித்தர வேண்டியிருக்கவில்லை.